பழைய 8 அடி காற்றாலையின் தலையில் ஒயில் ஒழுக்கு: சீல் அடிக்கலாமா?

மட்டக்குளி702

வணக்கம். புத்தளம் பக்கத் தென்னந்தோட்டத்தில் நின்ற தண்ணீர் இறைக்கும் பழைய காற்றாலை ஒன்றைத் திருத்துகிறேன். ஏர்மோட்டர் (அமெரிக்கக் கம்பனி), வார்ப்பில் 702 என்று எழுத்து இருக்கிறது. சில்லு 8 அடி, 18 இதழ். இதழ்களையும் வாலையும் கழற்றியாயிற்று. தலையை (பற்சக்கரங்களும் ஒயில் தொட்டியும் உள்ள பெட்டி) மட்டும் ஆங்கிள் இரும்பில் அடித்த ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருக்கிறேன். வெளியே கம்பித் தூரிகை போட்டு பெயின்ற் அடித்தேன். உள்ளே துணியால் துடைத்ததோடு சரி. 2 லீற்றர் 20டபிள்யூ-50 என்ஜின் ஒயில் ஊற்றி, பெல்ட் போட்டு மோட்டரால் நிமிடத்துக்கு 60 சுற்று அளவில் ஓடவிட்டேன்.

மூன்று இடத்தில் ஒழுகுகிறது.

ஒன்று, ஹப்புக்குப் பின்னால், ஷாஃப்ட் வெளியே வரும் வாயில். 10 நிமிடத்தில் 30, 40 மில்லி. இரண்டு, பம்ப் தண்டு இறங்கும் நடுக்குழாய்க்குள்ளால். மோட்டரை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சொட்டும். மூன்று, தொட்டியின் அடியில் ஈரம். இரவு முழுக்க விட்டால் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு கறை.

முன் வாயைச் சுற்றி ஆர்டிவி சிலிக்கன் (குழாயில் வரும், காய்ந்து ரப்பராகும் பசை) பூசினேன். அதற்குப் பிறகு முன்னால் ஒழுக்கு கூடிவிட்டது.

கேள்விகள்: முன் வாயை லேத்தில் குடைந்து ஒயில் சீல் அடிக்கலாமா? 140 கியர் ஒயில் போட்டால் நிற்குமா? மேல்மூடிக்குக் கீழே காஸ்கெட் எதுவும் இருக்கவில்லை, அது தொலைந்துபோனதா? வத்தளையில் ஒரு வீட்டுக் கிணற்றுக்கு மேலே இதை நிறுத்துவதாக இருக்கிறது.


வத்தளை_கடைசல்

சீல் வேண்டாம் தம்பி. கடைசி வழியாகக்கூட வேண்டாம். அந்தத் தலையில் சீல் என்று ஒன்று ஒருநாளும் இருந்ததில்லை. இந்தக் கம்பனி ஒயிலில் ஓடும் மூடிய கியர் பெட்டியை 1915 இல் கொண்டுவந்தது. 702 மாதிரி 1933 இலிருந்து வருகிறது. வருடத்துக்கு ஒருமுறை ஒயில் மாற்றினால் போதும் என்று ஓடிய பெட்டி அது, ஒரு ரப்பர்த் துண்டும் இல்லாமல். ஒயில் வெளியே போகாமல் இருப்பது அடைப்பினால் அல்ல, திரும்பி வர வழி இருப்பதால்.

அந்த வழியை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். பெரிய பற்சக்கரங்கள் இரண்டும் அடியில் ஒயிலில் நனைந்து, அதை மேலே தூக்கிவரும். அங்கிருந்து வழிந்து ஷாஃப்ட் பெயாரிங்குகளுக்குள் இறங்கும். பெயாரிங் நீளத்துக்கும் ஊர்ந்து முன் வாய்க்கு வரும். வாய்க்குச் சற்று உள்ளே, ஷாஃப்டுக்கு அடியில், தொட்டிக்குத் திரும்பும் பாதை ஒன்று இருக்கும். வந்த ஒயில் அதில் விழுந்து உள்ளே போய்விட வேண்டும். அந்தப் பாதை அடைபட்டால் போக வேறு இடமில்லை, ஹப்புக்குப் பின்னால் வெளியே வரும்.

இப்போது உங்கள் சிலிக்கனைப் பாருங்கள். பூசும்போது உள்ளே பிதுங்கிய பகுதிதான் அந்தப் பாதையை மூடியிருக்கும். ஒழுக்கு கூடியதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. ஒயிலில் ஊறி உரியும் சிலிக்கன் துணுக்கு பின் பெயாரிங்கின் ஒயில் துவாரத்தையும் அடைத்தால் அங்கே ஒயில் வற்றி பெயாரிங் எரியும். ஒழுக்கு போய் அழிவு வந்த கதையாகிவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். ஒயில் முழுவதையும் எடுங்கள். ஊற்றி எடுக்க முடியாவிட்டால் 60 மில்லி சிரிஞ்சில் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் மாட்டி அடியிலிருந்து உறிஞ்சுங்கள். முதலில் வருவது என்ன நிறம் என்று கவனித்து எழுதி வையுங்கள். பெரிய பற்சக்கரங்களைக் கழற்ற முன் இரண்டிலும், அவை கடிக்கும் சிறு சக்கரப் பல்லிலும் சென்டர் பஞ்ச்சால் குறி போடுங்கள். இரண்டு பக்க இணைப்புத் தண்டுகளும் ஒரே நேரத்தில் ஏறி இறங்க வேண்டும். ஒரு பல் தள்ளிப் பூட்டினால் மேலே ஓடும் குறுக்குத்துண்டு சரிந்து, வழிகாட்டியில் உரசித் தேயும். இந்தக் குறியை மறந்தவர்கள் பிறகு மூன்று நாள் மண்டையைச் சொறிவார்கள்.

சிலிக்கனை பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். கத்தி, உளி வேண்டாம், பெயாரிங்கின் உட்பூச்சான வைட் மெட்டல் மெத்தென்றது. பிறகு மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறவிட்டு, பழைய சைக்கிள் பிரேக் கேபிள் ஒரு அடி வெட்டி, ஒரு முனையை ட்ரில்லில் பிடித்து, மறு முனையின் இழைகளைக் கொஞ்சம் பிரித்துவிட்டு, திரும்பும் பாதைக்குள் மெதுவாகச் சுழற்றுங்கள். பாறையாக இறுகிய பழைய கிரீஸ் கட்டியாக வரும். கம்பியை மட்டும் விட்டுக் குத்தினால் கட்டி நடுவில் ஒரு துளை விழும், ‘கிளியர்’ என்று நினைப்போம், ஒரு மாதத்தில் திரும்ப அடையும்.

சோதனை: முன் வாய்க்குள் இருக்கும் பள்ளத்தில் 100 மில்லி மண்ணெண்ணெயை மெதுவாக ஊற்றுங்கள். வெளியே ஒரு சொட்டும் வராமல் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் தொட்டிக்குப் போக வேண்டும். தேங்கி நின்றால் இன்னும் அடைப்பு இருக்கிறது.

காஸ்கெட் தொலையவில்லை. மேல்மூடி மழைக்கு மட்டும், ஒயிலைப் பிடிக்க அல்ல. அதைக் காற்றுப் புகாமல் ஒட்டாதீர்கள். பகலில் சூடேறி இரவில் குளிரும் பெட்டிக்குள் ஈரக்காற்று அடைபட்டால் உள்ளேயே வியர்க்கும்.


பழைய_சோனகத்தெரு

ஒயில் பற்றி மட்டும் சொல்கிறேன்.

20டபிள்யூ-50 இதற்கு இரண்டு விதத்தில் பிழை. முதலாவது தடிப்பு. 40 பாகை செல்சியஸில் ஐஎஸ்ஓ விஜி 32 ஒயிலை விட (விஜி எண் ஒயிலின் தடிப்பைச் சொல்லும், எண் கூடினால் தடிப்பு கூட) அது ஏறக்குறைய ஐந்து மடங்கு தடிப்பு. பற்சக்கரம் தூக்கிவிடும், ஆனால் சிறிய பாதையால் திரும்பி இறங்க நேரம் எடுக்கும். வரவு கூட, செலவு குறைவு. மிச்சம் முன் வாயால் வெளியே போகும். 140 கியர் ஒயில் போட்டால் இதே நோய் இன்னும் முற்றும். ஒழுகுகிறது என்றதும் தடித்த ஒயிலைத் தேடுவது கார் என்ஜினில் வந்த பழக்கம்.

இரண்டாவது, என்ஜின் ஒயிலில் இருக்கும் டிடர்ஜென்ட். கரியையும் தண்ணீரையும் ஒயிலுக்குள்ளேயே பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. என்ஜின் சூடாகும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும். காற்றாலைத் தலை அந்த அளவுக்குச் சூடாகாது. உள்ளே போன மழைத் தண்ணீர் ஒயிலோடு கலந்து பால் மாதிரியாகி, நுரைத்து, மட்டம் ஏறி வழியும்.

வேண்டியது டேர்பைன் ஒயில், ஐஎஸ்ஓ விஜி 32. அது தண்ணீரை விரைவாகப் பிரித்து அடியில் விட்டுவிடும். கிடைக்காவிட்டால் அதே 32 ஹைட்ரோலிக் ஒயில். அமெரிக்காவில் சொல்லும் ‘10 வெயிட்’ என்பது இதற்குக் கிட்டத்தட்ட சமம். குளிர்காலம் உள்ள ஊருக்குச் சொன்ன அளவு அது. கொழும்பு வெயிலுக்கு 46 போட்டாலும் பிழையில்லை, பெயாரிங் கொஞ்சம் தேய்ந்திருந்தால் 46 நல்லது. 68 ஐத் தாண்ட வேண்டாம். குவாரி வீதியிலும் பஞ்சிகாவத்தைப் பக்கமும் ஹைட்ரோலிக் ஒயில் சில்லறையாக அளந்து தருவார்கள். ஆனால் திறந்த பீப்பாவில் அளப்பதை வாங்காதீர்கள், அதில் என்ன கலந்திருக்கும் என்று விற்பவருக்கே தெரியாது. சீல் உடைக்காத 4 அல்லது 5 லீற்றர் கேன் வாங்குங்கள், மிச்சம் அடுத்த வருடங்களுக்கு ஆகும்.

அளவு: 2 லீற்றர் 8 அடித் தலைக்குக் கூட. நடுக்குழாயால் சொட்டுவது பெரும்பாலும் அதனால்தான். தொட்டியின் நடுவே பம்ப் தண்டு போவதற்கு ஒரு குழாய் எழும்பி நிற்கும், பார்த்திருப்பீர்கள். அதன் மேல் விளிம்புதான் ஒயிலுக்கு எல்லை. அதைத் தாண்டினால் தண்டோடு சேர்ந்து கீழே போகும். நிறுத்திய பிறகு சொட்டுகிறது என்றீர்கள். ஓடும்போது சுவரெல்லாம் தெறித்துத் தொங்கிய ஒயில் இறங்கி வர, மட்டம் உயர்ந்து விளிம்பைத் தாண்டுகிறது. லீற்றர் கணக்கில் ஊற்றாமல், பெரிய பற்சக்கரத்தின் அடிப் பல் முழுதாக நனையும் வரை 100 மில்லி 100 மில்லியாக ஊற்றுங்கள். கையால் பத்துச் சுற்று சுற்றி, ஐந்து நிமிடம் விட்டு, திரும்பப் பாருங்கள். விளிம்புக்குக் குறைந்தது 10 மி.மீ. கீழே நிற்க வேண்டும். ஊற்றிய மொத்தத்தை மூடிக்கு உட்புறம் பெயின்றால் எழுதி வைத்தால் அடுத்த முறை ஏறுபவர் உங்களுக்கு நன்றி சொல்வார்.


நீர்கொழும்பு_வாசி

தென்னந்தோட்டத்துக் காற்றாலைக்குத் தேங்காய் எண்ணெயே ஊற்றலாம் என்று சொல்லக் கேட்டேன். கிணற்றுக்கும் கெடுதல் இல்லையே?


பழைய_சோனகத்தெரு

சிரிக்காமல் பதில் சொல்கிறேன், ஏனென்றால் தடிப்பு மட்டும் பார்த்தால் அது பொருந்தும். 40 பாகையில் தேங்காய் எண்ணெய் விஜி 32 க்குச் சற்றுக் கீழே வரும். ஆனால் 24, 25 பாகையில் உறையத் தொடங்கும். மழை இரவில் கோபுரத்து உச்சியில் அது போதும், காலையில் திரும்பும் பாதையில் வெண்ணெய் நிற்கும். தண்ணீர் பட்டால் கொழுப்பமிலம் பிரியும், அது செம்பு கலந்த புஷ்ஷை (பெயாரிங்காக உள்ளே செருகும் குழாய்) பச்சையாக்கும், ஈயம் கலந்த வைட் மெட்டலைத் தின்னும். கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிணறு பற்றிய கவலை நியாயமானது. உணவுத் தொழிற்சாலைகளுக்கென்று எச்1 தர வெள்ளைக் கனிய எண்ணெய் இருக்கிறது, விஜி 32, 46 இரண்டிலும் வரும். விலை கூட. இருந்தாலும் வருடத்துக்கு ஒரு லீற்றர்தானே. வீட்டுக் கிணற்றுக்கு மேல் என்றால் அதைத்தான் போடச் சொல்வேன்.


மட்டக்குளி702

நன்றி. சொன்னபடி திறந்தேன்.

உறிஞ்சியதில் முதல் 150 மில்லி தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது, அதற்குப் பிறகு சாம்பல் பால். திரும்பும் பாதையில் சிலிக்கன் துணுக்கு இரண்டு, அதற்குப் பின்னால் தார் மாதிரிக் கட்டி. கேபிள் போட்டுச் சுத்தம் செய்ததும் 100 மில்லி மண்ணெண்ணெய் 40 செக்கனில் போனது. விஜி 46 ஊற்றினேன், ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூட வந்து அடிப்பல் நனைந்தது. இரண்டு மணித்தியாலம் 60 சுற்றில் ஓட்டினேன். நடுக்குழாய் காய்ந்துவிட்டது. முன்னால் இன்னும் வருகிறது, இரண்டு மணித்தியாலத்துக்கு 15 மில்லி அளவில். ஷாஃப்டுக்கும் முன் பெயாரிங்குக்கும் இடையில் மேற்பக்கம் பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.35 மி.மீ. போகிறது. ஷாஃப்ட் விட்டம் 38 மி.மீ. சொச்சம். பின் பெயாரிங்கில் இடைவெளி கீழ்ப்பக்கம் இருக்கிறது, ஆனால் 0.2 தான்.

அடியில் ஈரம் மாறவில்லை. வெடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.


வத்தளை_கடைசல்

தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது துரு கலந்த மழைத்தண்ணீர். தோட்டத்தில் நின்ற காலத்திலேயே உள்ளே இருந்திருக்கிறது, நீங்கள் துணியால் துடைத்தும் மூலையில் தங்கியிருக்கிறது. இதை ஒயில் குறைபாடு என்று விட்டுவிடாதீர்கள். தண்ணீர் அடியில் போய் நிற்கும், ஒயில் மேலே மிதக்கும். மட்டம் விளிம்பில் நிற்கும்போது 300 மில்லி தண்ணீர் உள்ளே வந்தால் 300 மில்லி நல்ல ஒயில் நடுக்குழாயால் வெளியேறும். கீழே நிற்பவர் ‘ஒயில் ஒழுகுகிறது’ என்று மேலும் ஒயில் ஊற்றுவார். கடைசியில் பற்சக்கரம் நனைவது தண்ணீரில். பழைய தலைகளில் பல் தேய்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மூடியைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்து இருட்டில் பாருங்கள். ஊசித் துளை வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் ஈயம் வைத்து அடைக்கலாம். பெரிய ஓட்டைக்கு உள்ளிருந்து நாகத்தகரம் ஒட்டுப் போடுங்கள். நாகம் பூசிய தகரத்தை காஸ் வெல்டிங்கால் சூடாக்கினால் வரும் வெள்ளைப் புகையைச் சுவாசிக்காதீர்கள், இரவில் காய்ச்சல் வரும்.

அளவெடுத்த விதம் சரி. சில்லு ஷாஃப்டின் முன்னால் தொங்குகிறது. அதன் பாரம் முன் பெயாரிங்கைக் கீழேயும், பின் பெயாரிங்கை மேலேயும் தேய்க்கும். அதனால்தான் முன்னால் மேற்பக்கமும், பின்னால் கீழ்ப்பக்கமும் இடைவெளி. 38 மி.மீ. ஷாஃப்டுக்குப் புதிதில் 0.04 முதல் 0.08 வரை போதும், விட்டத்தின் ஆயிரத்தில் ஒன்று முதல் இரண்டு பங்கு. 0.35 அதிகம். இடைவெளியால் கசியும் ஒயிலின் அளவு இடைவெளியின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்பது கணக்கு. 0.08 ஐ விட 0.35 நாலு மடங்குக்குச் சற்றுக் கூட, கசிவு கொள்கையளவில் எண்பது மடங்கு. திரும்பும் பாதை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதற்கு ஈடுகொடுக்காது. தவிர, தளர்ந்த ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கி ஒயிலை வாயால் துப்பும். இந்த நிலையில் சீல் அடித்திருந்தால் அதன் உதடு அந்த ஆட்டத்தில் கிழிந்திருக்கும்.

702 இல் ஒரு நல்ல விஷயம், முன்னைய மாதிரி போல வார்ப்புக்குள்ளேயே ஊற்றிய பெயாரிங் அல்ல, கழற்றி மாற்றலாம். புதியது அமெரிக்காவிலிருந்து எடுப்பிக்கலாம், தபால் செலவு பொருளின் விலையைத் தாண்டலாம். இங்கேயே செய்வதென்றால் கன்மெட்டலில் (ஒரு செம்புக் கலவை) புஷ் கடைவதுதான் சுருக்கம். ஆனால் முதலில் ஷாஃப்டை லேத்தில் பிடித்து டயல் கேஜ் வையுங்கள். ஷாஃப்டில் 0.05 க்கு மேல் முட்டைவடிவத் தேய்வோ பள்ளமோ இருந்தால் அதை உருட்டிச் சமப்படுத்திய பிறகே புஷ்ஷின் உள்விட்டம். பள்ளம் விழுந்த ஷாஃப்டில் புதுப் புஷ் போடுவது புதுச் செருப்பில் ஆணியோடு நடப்பது.

புஷ் கடையும்போது லேத்காரர் செய்யும் பிழை ஒன்று: ஒயில் பள்ளத்தை முனையிலிருந்து முனைக்கு ஒரே இழுப்பாக வெட்டுவது. அப்படி வெட்டினால் ஒயிலுக்கு வாசல் வரை தெரு போட்டுக் கொடுத்ததாகும். முன் முனைக்கு 10 மி.மீ. முன்னதாகவே பள்ளம் முடிய வேண்டும். திரும்பும் பாதைக்கு நேராக அடியில் மட்டும் ஒரு திறப்பு. பழைய புஷ்ஷைக் கையில் கொடுத்து, ‘இதே மாதிரி, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம்’ என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. ஹப்பைப் பூட்டும் சாவிப் பள்ளம் வழியாகவும் ஒயில் ஊர்ந்து வெளியே வரும், ஹப்பின் முன் முகத்தில் கறை கண்டால் அதுதான். நீங்கள் வாங்கிய சிலிக்கனுக்கு உரிய இடம் அது ஒன்றே. ஷாஃப்டைப் பெற்றோலால் துடைத்து, சாவியின் வெளி முனையில் மட்டும் பயறளவு.


கொட்டாஞ்சேனை_பிட்டர்

வைட் மெட்டல் ஊற்றியே செய்ய விரும்புபவர்களுக்கு, கடைசல் அண்ணன் விட்ட பகுதி.

வெள்ளீயம் அடிப்படையிலான பாபிட் (வைட் மெட்டலின் மறுபெயர்) 240 பாகையில் இளகத் தொடங்கும், ஊற்றுவது 400 ஐத் தாண்டிய சூட்டில். வெப்பமானி இல்லாவிட்டால் காய்ந்த பைன் குச்சியை உள்ளே விட்டுப் பாருங்கள்: பழுப்பாகக் கருக வேண்டும், தீப்பிடித்தால் சூடு கூட. உறையையும் அச்சு ஷாஃப்டையும் (நடுவில் வைத்து ஊற்றும் போலி ஷாஃப்ட்) 120 பாகைக்காவது சூடாக்குங்கள். இது ஒட்டுவதற்கு மட்டுமல்ல. ஒரு துளி ஈரம் இருந்தால் உருகிய உலோகம் முகத்துக்கு வெடித்துத் தெறிக்கும். அச்சு ஷாஃப்டைப் புகைக்கரி பிடிக்க வைத்தால் ஒட்டாமல் கழன்று வரும். ஒரே ஊற்றில் முடிக்க வேண்டும், நிறுத்தி ஊற்றினால் நடுவில் மடிப்பு விழும். பிறகு ஷாஃப்டில் நீலம் பூசி, அது ஒட்டும் மேடுகளைச் சுரண்டி உட்கார வைப்பது பொறுமைக்காரன் வேலை. திறந்த இடத்தில், முகக்கவசத்தோடு, செருப்பில்லாமல் அல்ல.

இனி அடி ஈரம். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைச் சோக் காட்டிக்கொடுக்கும். வெளிப்பக்கப் பெயின்றை ஈரம் வரும் இடத்தைச் சுற்றி ஒரு சாண் அளவு சுரண்டி எடுங்கள். தின்னரால் இரண்டு தரம் துடையுங்கள். வெள்ளைச் சோக்கைப் பொடித்து ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசிக் காயவிடுங்கள். உள்ளே மண்ணெண்ணெய் இரண்டு விரல் ஊற்றி வையுங்கள். வெடிப்பென்றால் அரை மணித்தியாலத்தில் மயிர்க்கோடு தெரியும். வார்ப்பில் துளையென்றால் புள்ளி தெரியும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

புள்ளி என்றால் பயமில்லை. 3 அல்லது 4 மி.மீ. ட்ரில்லால் பாதி ஆழத்துக்குத் துளைத்து, மரையடித்து, ஒரு சிறு பித்தளைத் திருகாணியை லொக்டைட் போட்டு இறுக்கி, தலையை அரத்தால் மட்டமாக்குங்கள்.

கோடு என்றால், முதலில் அதன் இரண்டு நுனியும் முடியும் இடத்துக்குச் சற்று அப்பால் 3 மி.மீ. துளை போடுங்கள், இல்லாவிட்டால் வெடிப்பு நடந்துகொண்டே போகும். தொட்டியின் அடிப் பக்கத்தில் பாரம் இல்லை, அங்கே என்றால் உலோகத்தூள் கலந்த எப்பொக்சி போதும். கோட்டை வி வடிவத்தில் சுவரின் பாதி ஆழத்துக்குக் கிண்டி, புளோ லாம்ப்பால் சூடாக்குங்கள். எழுபது எண்பது வருடம் ஒயில் குடித்த வார்ப்பிரும்பு, சூடு பட்டதும் கறுப்பாக வியர்க்கும். துடைத்து, திரும்பச் சூடாக்கி, வியர்வை நிற்கும் வரை செய்யுங்கள். இதைச் செய்யாமல் எப்பொக்சி வைத்து, ‘சாமான் சரியில்லை’ என்று சாமானைத் திட்டுபவர்கள்தான் அதிகம்.

வெடிப்பு நடுக்குழாயின் அடியிலோ, பெயாரிங் உட்காரும் இடத்திலோ என்றால் எப்பொக்சி கூடாது, பித்தளைக் கம்பியால் பிரேசிங். முழு வார்ப்பையும் 250, 300 பாகைக்குச் சமமாகச் சூடாக்கி, ஒட்டி முடிந்ததும் காய்ந்த மணலிலோ சாம்பலிலோ புதைத்து மறுநாள் எடுங்கள். கடற்காற்று அடிக்கிறது என்று நிலத்தில் விட்டால் இன்னொரு இடத்தில் ‘டிக்’ என்று சத்தம் கேட்கும். சாதாரண இரும்புக் குச்சியால் ஆர்க் வெல்டிங் செய்கிறோம் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.


மட்டக்குளி702

சோக்கில் கோடு இல்லை, இரண்டு புள்ளி. ஒன்று தொட்டியின் அடியில், மற்றது வார்ப்பின் பழைய அச்சுப் பொருத்துக் கோட்டில். நிம்மதி.

புஷ் முடிந்து தலையைத் திரும்பப் பூட்டினால், மேலே ஏற்ற முன் எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும்? ஏற்றிய பிறகு கீழிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?


வத்தளை_கடைசல்

ஸ்டாண்டில் ரசமட்டம் வைத்து இரண்டு திசையிலும் சமம் பாருங்கள். சரிந்த ஸ்டாண்டில் சோதித்தால் பொய்ச் சாட்சி. கீழே வெள்ளை அட்டை விரித்து, முதல் இரண்டு மணித்தியாலம் 40 சுற்று, பிறகு ஒரு நாள் 60, கடைசி ஒரு மணித்தியாலம் 100. புஷ்ஷைக் கையால் தொடுங்கள், வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாவிட்டால் இறுக்கம். நிறுத்தி இரவு முழுக்க விடுங்கள். ஓடும்போது மட்டும் வரும் கறை திரும்பும் பாதையை அல்லது பெயாரிங்கைச் சொல்லும். நின்றபோதும் வரும் கறை மட்டத்தை அல்லது துளையைச் சொல்லும். அந்த முதல் ஒயிலை ஊற்றிவிட்டுப் புதிது போடுங்கள், உள்ளே கன்மெட்டல் தூள் மினுங்கும்.

மேலே ஏறிய பிறகு கறை இருக்கும் இடமே பேசும். ஹப்பிலும் இதழ்களின் அடியிலும் கறை என்றால் முன் பெயாரிங். கம்பத்தின் வெளியே நீளக் கோடு என்றால் தொட்டி. பம்ப் தண்டு நனைந்தால் நடுக்குழாய், அதாவது மட்டம் கூட அல்லது தண்ணீர் புகுந்திருக்கிறது. தலை திரும்பும் தட்டில் கொஞ்சம் கறுப்புக் கிரீஸ் பிதுங்குவது ஒழுக்கு அல்ல, அதைப் பார்த்து மனம் கலங்க வேண்டாம்.

காற்று ஒரு திசையில் அடிக்கும்போது மட்டும் சொட்டினால் தலையைத் திறக்காதீர்கள், கோபுரத்துக்குத் தூக்குக்குண்டு போடுங்கள். கோபுரம் சரிந்திருந்தால் தொட்டியும் சரியும், தலை ஒரு பக்கம் திரும்பும்போது ஒயில் நடுக்குழாய் விளிம்புக்கு ஏறும், எதிர்ப்பக்கம் திரும்பினால் இறங்கிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றில் ஒழுகி, வாடைக்காற்றில் நிற்கும் காற்றாலைக்கு வைத்தியம் நிலத்தில்தான், கால் பாதத் தகட்டுக்கு அடியில் ஆப்புத் தகடு வைப்பது.

ஒயில் மாற்றுவதை ஏப்ரல் இடிமழைக்கு முன், மாசி பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். மின்னல் காலத்தில் இரும்புக் கோபுரத்தில் மனிதன் நிற்கக் கூடாது. ஏறும்போது பிரேக்கை இழுத்து வாலை மடக்கினால் மட்டும் போதாது, சில்லின் கையைக் கோபுரத்தோடு கயிற்றால் கட்டுங்கள்.


பழைய_சோனகத்தெரு

கிணற்றுக்கு ஒரு சின்ன வேலை. எல்லாம் சரியாகச் செய்தாலும் வருடத்தில் சில சொட்டு தண்டோடு இறங்கத்தான் செய்யும். கிணற்று மூடிக்கு ஒரு முழம் மேலே, பம்ப் தண்டில் பழைய ரியூப் ரப்பரை 15 செ.மீ. வட்டமாக வெட்டி, நடுவில் தண்டை விடச் சிறிய துளை போட்டு ஏற்றி, ஹோஸ் கிளிப்பால் இறுக்குங்கள். குடை மாதிரிக் கவிழ்ந்து நிற்கும். அதற்குக் கீழே தகரத்தில் வட்டத் தட்டு ஒன்று, நடுவில் தண்டு தாராளமாகப் போகும் துளையும், துளையைச் சுற்றி ஒரு அங்குலம் எழும்பிய விளிம்புமாக. தண்டு ஏறி இறங்கும் தூரத்தைப் பார்த்து உயரம் வையுங்கள், குடை கீழே வரும்போது தட்டில் இடிக்கக் கூடாது. மழைத் தண்ணீர் நிறையாமல் தட்டுக்கும் ஒரு சிறு கூரை தேவைப்படும்.

வடித்த 20டபிள்யூ-50 ஐக் கானில் ஊற்றாதீர்கள். இரண்டு நாள் அசையாமல் வைத்தால் கொஞ்சத் தண்ணீர் அடியில் பிரியும். மேலே இருப்பதை ஏற்ற முன் கோபுரத்துப் போல்ட் மரைகளில் பூசப் பயன்படுத்துங்கள், மிச்சத்தைப் பழைய ஒயில் எடுக்கும் சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுங்கள்.